எத்தனை சதவீதம்னு சொல்றதுக்கு முன்னாடி, யாருல அத்தனை சதவீதம்னு சொல்லுங்க

கல்வியில ஆண் பெண் வித்தியாசம் பத்தி ஒரு வாக்குவாதம் ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல யாராவது ஒரு சதவீதத்தைத் தூக்கிப் போடுவாங்க, உடனே இன்னொருத்தர் அதுக்கு நேர் எதிரா வேற ஒரு சதவீதத்தைப் போடுவாரு, கடைசியில "புள்ளிவிவரத்தை வெச்சு எதை வேணா நிரூபிக்கலாம்பா"ன்னு சலிச்சுக்கிட்டு எல்லாரும் கலைஞ்சு போயிடுவாங்க. வேடிக்கை என்னன்னா பெரும்பாலும் அந்த ரெண்டு எண்ணுமே சரியாத்தான் இருக்கும். ரெண்டும் வேற வேற கேள்விக்கான பதில், அவ்வளவுதான். இதைப் புரிஞ்சுக்க பெரிய கணிதம் எதுவும் வேண்டாம், கழிக்கவும் வகுக்கவும் தெரிஞ்சா போதும், கூடவே ரெண்டு கேள்வி கேக்குற பழக்கம் வேணும்: இந்த சதவீதத்துக்குக் கீழ இருக்கற ஆளுங்க யாரு (அதாவது எந்தக் கூட்டத்தோட எண்ணிக்கையால வகுத்தாங்க), பக்கத்துல யாரை வெச்சு ஒப்பிடுறாங்க.

நேரா ஒரு நிஜ டேட்டாவுக்குப் போயிடலாம். இந்திய மக்கள்தொகை கணக்கெடுப்புல எழுத்தறிவு விகிதம். 1951ல ஆண்கள் 27.2%, பெண்கள் 8.9%. 1981ல ஆண்கள் 56.4%, பெண்கள் 29.8%. 2011ல ஆண்கள் 80.9%, பெண்கள் 64.6%. (1951 எண்ணு 5 வயசும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு, மத்த ரெண்டும் 7 வயசுலேர்ந்து. கீழ இருக்கற ஆளுங்க மாறினா கூட சதவீதம் மாறும்ங்கறதுக்கு இதுவே முதல் உதாரணம், ஆனா இங்க நாம பாக்கப்போற விஷயத்தை அது கவுத்துடாது.) இப்ப கேள்வி: ஆண் பெண் இடைவெளி இந்த அறுபது வருஷத்துல குறைஞ்சுதா கூடுச்சா?

முதல் ஆளு கழிச்சுப் பாக்குறாரு. 1951ல வித்தியாசம் 18.3 புள்ளி, 1981ல 26.6, 2011ல 16.3. அவரோட பதில், "முதல் முப்பது வருஷம் நிலைமை மோசமாச்சு, அப்புறம் சரியாக ஆரம்பிச்சுது." ரெண்டாவது ஆளு வகுத்துப் பாக்குறாரு, அதாவது பெண்கள் விகிதத்தை ஆண்கள் விகிதத்தால வகுக்குறாரு. 1951ல 0.33, 1981ல 0.53, 2011ல 0.80. இவரு சொல்றாரு, "மோசமே ஆகலையே, ஆரம்பத்துலேர்ந்து முன்னேற்றம்தான், ஒண்ணுக்குப் பக்கத்துல வந்துட்டே இருக்கு." மூணாவது ஆளு கொஞ்சம் வில்லங்கமானவரு, படிக்கத் தெரிஞ்சவங்களை விட்டுட்டு தெரியாதவங்களை எண்ணுறாரு. 1951ல எழுத்தறிவு இல்லாத பெண்கள் 91.1%, ஆண்கள் 72.8%, வகுத்தா 1.25. 1981ல 70.2%, 43.6%, அதாவது 1.61. 2011ல 35.4%, 19.1%, அதாவது 1.85. இவரோட பதில், "எழுதப்படிக்கத் தெரியாதவங்க கூட்டத்துல பெண்களோட பங்கு ஏறிக்கிட்டே போகுது, நீங்க என்ன முன்னேற்றம்னு பேசுறீங்க?"

ஒரே டேட்டா, ஆறே ஆறு எண்ணு, மூணு கதை, மூணுலயும் பொய் இல்ல. ஏன் இப்படி ஆகுதுன்னா, எல்லாருமே ரொம்பக் கீழ இருக்கும்போது கழித்தல் வித்தியாசம் பெருசா இருக்கவே இடம் இல்ல, ரெண்டு பேரும் 100ஐ நெருங்கும்போதும் இடம் இல்ல, நடுவுல இருக்கறப்பதான் விரிய இடம் கிடைக்கும். அதனால ஒரு சமூகம் மேல ஏறும்போது ஒரு தரப்பு கொஞ்சம் முன்னாடி கிளம்பினா இடைவெளி முதல்ல விரிஞ்சு அப்புறம் சுருங்குறது சகஜம். மூணாவது ஆளோட எண்ணு வேற ஒண்ணைக் காட்டுது: மிச்சம் இருக்கறவங்க யாரு. உலக அளவுலயும் இதே கதைதான், எழுத்தறிவு இல்லாத பெரியவங்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பெண்கள்னு யுனெஸ்கோ பல காலமா சொல்லிட்டு வருது, மொத்த விகிதம் நல்லா குறைஞ்சும் அந்தப் பங்கு பெருசா அசையல. என்னைக் கேட்டா மூணு எண்ணையும் சேத்து சொல்றதுதான் நேர்மை, ஒண்ணை மட்டும் எடுத்து கிராஃப் போடுறவங்களைப் பாத்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும், எந்தப் பக்கம் பேசுறவங்களா இருந்தாலும் சரி.

ரெண்டாவது ஆளு பண்ண வகுத்தலுக்கு ஒரு பேரே இருக்கு, பாலின சமநிலைக் குறியீடுன்னு சொல்லுவாங்க. பள்ளியில சேந்த பெண்கள் விகிதத்தை ஆண்கள் விகிதத்தால வகுக்கறது. 0.97லேர்ந்து 1.03 வரைக்கும் இருந்தா சமம்னு யுனெஸ்கோ எடுத்துக்குது. வசதியான எண்ணு, ஆனா ஒரு ஓட்டை இருக்கு. பெண்கள் 40%, ஆண்கள் 40% சேந்தாலும் குறியீடு 1 தான், ரெண்டு பேரும் 98% சேந்தாலும் 1 தான். பசங்க வேலைக்குப் போறதுக்காக பாதியில படிப்பை விட்டா, பொண்ணுங்க நிலைமை துளி கூட மாறாமலே குறியீடு ஏறிடும். சமம்ங்கறது வேற, நல்லா இருக்குங்கறது வேற. அதே மாதிரி மொத்த சேர்க்கை விகிதம் 100ஐத் தாண்டி 108, 112னு இருக்கறதைப் பாத்து தப்பா அடிச்சுட்டாங்க போலன்னு நினைக்காதீங்க, அந்த வகுத்தல்ல மேல ஃபெயிலாகி திரும்பப் படிக்கிற பெரிய பிள்ளைங்களும் சேருவாங்க, கீழ அந்த வகுப்புக்குரிய வயசுப் பிள்ளைங்க மட்டும்தான் இருப்பாங்க, அதனால வர்றது.

அடுத்து தேர்ச்சி சதவீதம். பொதுத்தேர்வு ரிசல்ட்னு வந்தா பொண்ணுங்க பசங்களை விட அதிகம்னு தலைப்புச் செய்தி பாத்திருப்பீங்க. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முதல் வகுப்புல 1000 பையன், 1000 பொண்ணு சேந்தாங்க. வருஷங்கள் ஓட ஓட சிலர் நின்னுட்டாங்க, கடைசி வகுப்புத் தேர்வை எழுத வந்தது 900 பையன், 700 பொண்ணு. பசங்கள்ல 765 பேரு பாஸ், அதாவது 85%. பொண்ணுங்கள்ல 651 பேரு பாஸ், அதாவது 93%. செய்தியில வர்றது "மாணவிகள் 8 புள்ளி முன்னிலை". ஆனா சேந்த ஆயிரத்துலேர்ந்து எண்ணினா? பசங்க 765, பொண்ணுங்க 651. தேர்வு எழுத வராத 300 பொண்ணுங்க அந்த 93க்குக் கீழ இல்லவே இல்ல. அதுவும் யாரு நின்னிருப்பாங்க? நல்லா படிக்கிற பொண்ணை எப்படியாவது படிக்க வெச்சுட்டு, சுமாரா படிக்கிற பொண்ணை நிறுத்திடுற வீடுகள் அதிகம் இருந்துச்சுன்னா, தேர்வு எழுத வர்ற பொண்ணுங்க ஏற்கனவே சலிச்சு எடுத்த கூட்டம். பசங்களுக்கு அந்தச் சலிப்பு அவ்வளவு நடக்கலன்னா ரெண்டு கூட்டத்தையும் அப்படியே பக்கத்துல வெச்சு ஒப்பிடுறது சரியா வராது. இதுக்குத் தேர்வுச் சார்புன்னு பேரு (இங்க தேர்வுன்னா பரீட்சை இல்ல, ஆளைத் தேர்ந்தெடுக்கறது). இதனால பொண்ணுங்க நல்லா எழுதலன்னு அர்த்தம் இல்ல, நல்லா எழுதுறாங்களா இல்லையாங்கறதை இந்த ஒரு எண்ணை வெச்சு சொல்ல முடியாதுன்னுதான் அர்த்தம்.

இப்ப புள்ளிவிவரத் துறையில எல்லாரும் சொல்ற பெர்க்லி கதை, எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. 1973ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி கேம்பஸ்ல மேல்படிப்பு அட்மிஷன். ஆண்கள் 8,442 பேரு விண்ணப்பிச்சதுல 44% பேருக்கு இடம் கிடைச்சுது, பெண்கள் 4,321 பேரு விண்ணப்பிச்சதுல 35% பேருக்கு. இவ்வளவு பெரிய கூட்டத்துல 9 புள்ளி வித்தியாசம் தற்செயலா வராது. பாகுபாடு நடந்திருக்குன்னு யாருக்கும் தோணும். பிக்கெல், ஹாமெல், ஓ'கானெல்னு மூணு ஆய்வாளர்கள் இதை டிபார்ட்மெண்ட் வாரியா பிரிச்சுப் பாத்து 1975ல சயின்ஸ் இதழ்ல எழுதினாங்க.

பெரிய ஆறு டிபார்ட்மெண்ட் எண்ணுங்க பாடப்புத்தகங்கள்ல கிடைக்கும், பேரு சொல்லாம ஏ, பி, சின்னு போட்டிருப்பாங்க. ஏ டிபார்ட்மெண்ட்ல ஆண்கள் 825 பேரு கேட்டு 62% பேருக்கு இடம், பெண்கள் 108 பேரு கேட்டு 82% பேருக்கு இடம். பி யில ஆண்கள் 63%, பெண்கள் 68%. சி யில 37, 34. டி யில 33, 35. இ யில 28, 24. எஃப்ல 6, 7. உள்ள போய்ப் பாத்தா நாலு இடத்துல பெண்கள் கொஞ்சம் மேல, ரெண்டு இடத்துல ஆண்கள் கொஞ்சம் மேல, ஏ ல மட்டும் பெண்கள் எக்கச்சக்கமா மேல. ஆனா இந்த ஆறையும் கூட்டினா ஆண்கள் 45%, பெண்கள் 30%! எங்கிருந்து வந்துச்சு இந்த 15?

யாரு எங்க விண்ணப்பிச்சாங்கன்னு பாத்தா பதில் கிடைச்சுடும். ஏ, பி ரெண்டும் பாதிக்கு மேல ஆள் எடுக்குற டிபார்ட்மெண்ட். இந்த ஆறுக்கும் விண்ணப்பிச்ச 2,691 ஆண்கள்ல 1,385 பேரு அந்த ரெண்டுக்குத்தான் போனாங்க, பாதிக்கும் மேல. 1,835 பெண்கள்ல அங்க போனது வெறும் 133 பேரு, நூத்துக்கு ஏழு. மிச்ச அத்தனை பெண்களும் இடம் கிடைக்கிறதே கஷ்டமான நாலு டிபார்ட்மெண்ட்டுக்கு விண்ணப்பிச்சாங்க. மொத்தச் சதவீதம்ங்கறது இந்தக் கலவையோட சராசரி, கலவை வேறன்னா சராசரியும் வேற. பிரிச்சுப் பாத்தா ஒரு திசை, சேத்துப் பாத்தா எதிர் திசைன்னு வர்ற இதைத்தான் சிம்சன் முரண்பாடுன்னு சொல்றாங்க. (பி டிபார்ட்மெண்ட்ல பெண்கள் மொத்தமே 25 பேருதான், 68%ன்னா 17 பேரு. அதுல ரெண்டு பேருக்குக் கிடைக்காம போயிருந்தா 60% ஆகி ஆண்களை விடக் கீழ போயிருக்கும். சின்னக் கூட்டத்தோட சதவீதத்தை வெச்சு சண்டை போடாதீங்க.)

நிறைய பேரு கதையை இங்கயே முடிச்சுட்டு "பாத்தீங்களா, பாகுபாடே இல்ல"ன்னு கிளம்பிடுவாங்க, அதுதான் எனக்குக் கடுப்பு. அந்த மூணு பேரும் அப்படி முடிக்கல. அட்மிஷன் கமிட்டி மேஜையில பாகுபாடு தெரியலன்னா, பெண்கள் ஏன் கூட்டம் அதிகமான, இடம் கம்மியான, பணவசதி கம்மியான துறைகளுக்கே போனாங்கங்கற கேள்வி அப்படியேதான் நிக்குது, வளர்ப்பும் அதுக்கு முந்தின படிப்பும் அவங்களை அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்குங்கறதை அவங்களே எழுதியிருக்காங்க. பள்ளியில கணக்கை விட்டுட்ட ஒரு பொண்ணு கணக்கு கேக்குற டிபார்ட்மெண்ட்டுக்கு விண்ணப்பமே போட மாட்டா, அவளை யாரும் நிராகரிச்ச மாதிரியும் பதிவாகாது. புள்ளிவிவரம் இங்க பிரச்சினை இல்லன்னு சொல்லல, பிரச்சினை பத்து வருஷம் முன்னாடி நடந்த இடத்தைக் கைகாட்டுது.

கணக்குன்னதும் "பொண்ணுங்களுக்குக் கணக்கு வராது"ங்கற பழைய பல்லவி வந்துடும், அதையும் பாத்துடலாம். 15 வயசுப் பிள்ளைங்களுக்கு பல நாடுகள்ல நடத்துற பிசா தேர்வுல 2018ல ஓஇசிடி (பெரும்பாலும் வசதியான நாடுகளோட கூட்டமைப்பு) நாடுகளோட சராசரி எடுத்தா கணக்குல பசங்க 5 புள்ளி மேல, வாசிப்புல பொண்ணுங்க 30 புள்ளி மேல. சராசரி வித்தியாசத்தை மட்டும் கேட்டா ரெண்டு தனித்தனிக் கூட்டம் மாதிரி மனசுல ஒரு படம் வருது. ஆனா பிள்ளைங்க மார்க் எவ்வளவு சிதறி இருக்குங்கறதையும் சேத்துப் பாக்கணும், அந்தச் சிதறலை அளக்குறதுதான் திட்டவிலக்கம், பிசாவுல அது ஏறக்குறைய 100 புள்ளி. 100 புள்ளி சிதறல்ல 5 புள்ளி வித்தியாசம்னா, ஒரு பையனையும் ஒரு பொண்ணையும் குலுக்கல்ல எடுத்தா கணக்குல பையன் மேல இருக்க வாய்ப்பு நூத்துக்கு 51, 52 தடவை. காசு சுண்டிவிடுறதும் இதுவும் ஒண்ணுதான். வாசிப்புல பொண்ணு மேல இருக்க வாய்ப்பு 58 தடவை, இது கவனிக்க வேண்டிய அளவு, ஆனாலும் மிச்ச 42 தடவை பையன்தான் மேல. சராசரியை வெச்சு எதிர்ல உக்காந்திருக்கற ஒரு பிள்ளையைப் பத்தி முடிவு பண்ண முடியாதுன்னு சொல்றது ஏதோ நல்லெண்ணத்துல சொல்றது இல்ல, கணக்கே அப்படித்தான். அதோட பிசா எழுதுறது பள்ளியில இருக்கற 15 வயசுக்காரங்க மட்டும்தான், பள்ளியை விட்டவங்க இதுக்கும் கீழ வர மாட்டாங்க.

இதுவரைக்கும் எண்ணு கைக்கு வந்த பிறகு என்ன பண்றதுன்னு பாத்தோம். எண்ணு எப்படிப் பொறக்குதுன்னும் கொஞ்சம் பாக்கணும். மக்கள்தொகை கணக்கெடுப்புல வீட்ல யாரோ ஒருத்தர் எல்லாருக்கும் சேத்து பதில் சொல்லுவாரு, "அவளுக்குப் படிக்கத் தெரியும்"னு சொன்னா தெரியும்னு பதிவாகும். தேசிய குடும்பநல சர்வேயில அப்படி இல்ல, 2019-21 சுற்றுல 9ஆம் வகுப்பு முடிக்காதவங்க கையில ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாங்க, அவங்கள்ல அந்த வாக்கியத்துல ஒரு பகுதியாவது படிச்சவங்களை மட்டும் எழுத்தறிவு உள்ளவங்களா எடுத்துக்கிட்டாங்க. அந்தச் சுற்றுல பெண்கள் 71.5%. இதையும் 2011 கணக்கெடுப்போட 64.6%ஐயும் பக்கத்துல வெச்சு "பத்து வருஷத்துல 7 புள்ளி ஏத்தம்"னு எழுதிடாதீங்க, சர்வே எண்ணு 15லேர்ந்து 49 வயசுப் பெண்களுக்கு, கணக்கெடுப்பு எண்ணுல 80 வயசுப் பாட்டிங்களும் இருக்காங்க. ஏத்தம் நடந்திருக்கலாம், ஆனா அதை இந்த ரெண்டு எண்ணைக் கழிச்சு சொல்ல முடியாது.

கேள்வித்தாள்லயே ஆளு காணாமப் போறதும் உண்டு. 2023ல பொருளாதார நோபல் வாங்கின கிளாடியா கோல்டின் பழைய அமெரிக்க ஆவணங்களைத் தோண்டினப்ப, நிறைய பெண்களுக்கு தொழில்ங்கற இடத்துல "மனைவி"ன்னு மட்டும் எழுதியிருந்ததைக் காட்டினாங்க. பண்ணையிலயோ குடும்பத் தொழில்லயோ கணவனோட சேந்து உழைச்சது எதுவும் பதிவுல இல்ல. அதைச் சரிபண்ணிப் பாத்தா 1890கள் கடைசியில வேலை செஞ்ச மணமான பெண்களோட விகிதம் கணக்கெடுப்பு காட்டினதை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. கல்வியிலயும் இதே மாதிரி நடக்கும், பள்ளிப் பதிவேட்டுல பேரு இருக்கற பொண்ணு சேந்தவ கணக்குல வந்துடுவா, வாரத்துல மூணு நாள் தம்பியைப் பாத்துக்க வீட்ல நின்னது எந்தக் கட்டத்துலயும் வராது, யாரு எதுக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறாங்கன்னு கேக்குற நேரப் பயன்பாட்டு சர்வே யாராவது எடுத்தாத்தான் வெளிய வரும்.

கடைசியா, கஷ்டமான கேள்வி: எதனால? ரெண்டு விஷயம் சேந்து ஏறுறதால ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆகிடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அப்ப காரணத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கறது? பீகார் சைக்கிள் திட்டம் இதுக்கு அருமையான உதாரணம். 2006ல ஆரம்பிச்சுது, 9ஆம் வகுப்பு சேர்ற பொண்ணுங்களுக்கு சைக்கிள் வாங்க 2000 ரூபாய். அப்புறம் 9ஆம் வகுப்புல பொண்ணுங்க சேர்க்கை ஏறுச்சு. சைக்கிளாலயா? அந்தக் காலகட்டத்துல ரோடு, வருமானம், பள்ளிக்கூடம்னு எல்லாமே மாறிட்டு இருந்துச்சு, சைக்கிள் இல்லாமலே ஏறியிருக்கலாமே.

கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை எப்படிப் பிரிச்சாங்கன்னா, முதல்ல பொண்ணுங்க ஏத்தத்துலேர்ந்து அதே பீகார் பசங்களோட ஏத்தத்தைக் கழிச்சாங்க, ரோடும் வருமானமும் பசங்களுக்கும் பொதுதானே. ஆனா பொண்ணுங்க சேர்க்கை எல்லா இடத்துலயும் பசங்களை விட வேகமா ஏறிட்டு இருந்திருந்தா? அதுக்கு 2000ல பீகார்லேர்ந்து பிரிஞ்ச பக்கத்து மாநிலம் ஜார்க்கண்டை எடுத்து, அங்கயும் இதே கழித்தலைப் பண்ணி, அதையும் கழிச்சாங்க. மிஞ்சினதுதான் சைக்கிளோட பங்கு: உரிய வயசுப் பொண்ணுங்க சேர்க்கை 32% ஏறுச்சு, ஆண் பெண் இடைவெளி 40% குறைஞ்சுது. இதுக்கு மேல ஒரு செக், ஏத்தம் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி தூரமா இருக்கற கிராமங்கள்லதான் நடந்திருக்கு. பணம் கொடுத்ததால மட்டும் வந்த ஏத்தம்னா பள்ளி பக்கத்துல இருக்கற கிராமத்துலயும் அதே அளவு வந்திருக்கணும்.

அதே ஆய்வுல இன்னொரு முடிவு: பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதின பொண்ணுங்க எண்ணிக்கை 18% கூடுச்சு, பாஸானவங்க எண்ணிக்கை 12% கூடுச்சு. கணக்குக்கு, முன்னாடி 100 பேரு எழுதி 60 பேரு பாஸ்னு வெச்சுப்போம். இப்ப 118 பேரு எழுதி 67 பேரு பாஸ். தேர்ச்சி சதவீதம் 60லேர்ந்து 57க்கு இறங்கிடுச்சு. முன்னாடி பரீட்சை ஹாலுக்கே வந்திருக்காத 18 பொண்ணுங்க வந்தாங்க, அதுல ஏழு பேரு பாஸ் ஆன அளவுக்கு எண்ணிக்கை கூடுச்சு, ஆனா தேர்ச்சி சதவீதத்தை மட்டும் வெச்சு இந்தத் திட்டத்துக்கு மார்க் போட்டா ஃபெயில்னுதான் வரும்.